பியர்லெஸ்ஸுக்குப் பொருள் சொன்னவ

எங்கள் கந்தோரைவிட்டுப் போகும்போது அவவுக்குக் கொடுத்த நற்சான்றிதழை அவவேதான் அடித்தா. வேறு வழியில்லை. கந்தோரில் இருந்தது ஒரேயொரு தட்டச்சு மெசின். அதை அடிக்கத் தெரிந்ததும் ஒரேயொரு ஆள்.

மனேஜர் தன் அறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, அவ அடித்துக்கொண்டு வந்தா. பதினொரு வருட வேலை, நல்ல நடத்தை, நேரந்தவறாமை எல்லாம் தடதடவென்று ஓடின. "ஷீ இஸ் எ பியர்லெஸ் டைப்பிஸ்ட்" என்று அவர் சொன்னதும் மெசின் நின்றது.

"சேர், அது பிழை" என்றா.

"என்ன பிழை? எழுத்துக்கூட்டத் தெரியேல்லையோ உமக்கு?"

"எழுத்தும் தெரியும், கருத்தும் தெரியும். அதுதான் பிழை எண்டு சொல்லுறன். பாலையூற்றிலே ஒரு பிள்ளை இருக்கிறா. நிமிசத்துக்கு என்னைவிடக் கூட அடிப்பா."

"மிஸ், நான் உம்மைப் புகழுறன்!"

"விளங்குது சேர். நன்றி. ஆனால் பிழைதானே."

ஐந்து நிமிடம் இழுபட்டது. கடைசியில் "வெரி குட்" என்று அடித்துக் கையெழுத்துக்குக் கொண்டுபோய் வைத்தா. மனேஜர் கையெழுத்தைப் போட்டுவிட்டு, பேனையை மூடாமலே என்னைப் பார்த்தார். நான் அவவுக்கு அடுத்த மேசை. சிரிப்பை அடக்க ஏலாமல் லாச்சியை இழுத்து அதற்குள் எதையோ தேடுகிறவன்போலக் குனிந்துகொண்டேன்.

பொருள் தெரியாத சொல்லை அவ அடிக்க மாட்டா. பொருள் தெரிந்த சொல்லையும் பொருந்தாத இடத்தில் அடிக்க மாட்டா. அவ்வளவுதான் அவ. ஆனால் அந்த அவ்வளவோடு பதினொரு வருடம் ஒரே அறையில் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு என்று தெரியும்.

எங்கள் கந்தோர் உட்துறைமுகத்தைப் பார்த்தபடி நின்ற ஒரு பழைய ஓட்டு வீடு. கப்பல் முகவர் வேலை. வந்து நங்கூரம் போடுகிற கப்பலுக்குக் குடிதண்ணீர், மரக்கறி, கடிதம், வைத்தியர், எது வேண்டுமென்றாலும் நாங்கள்தான் ஒழுங்கு செய்யவேண்டும். மனேஜர், நான், அவ, ஒரு பியோன், ஆக நாலு பேர். எனக்குக் கிளாக்கர் என்று பேர். அவவுக்கு மிஸ் என்று பேர். சொந்தப் பேரை அங்கே ஒருவரும் பாவித்ததாக ஞாபகமில்லை.

அன்புவழிபுரத்திலிருந்து காலை பஸ்ஸில் வந்து இறங்குவா. ஒரு கையில் கறுப்புக் குடை. மற்றக் கையில், சீலையில் சுற்றிய ஒரு தடித்த ஆங்கில அகராதி. வெள்ளைக்காரர் கடற்படைத் தளத்தை விட்டுப் போனபோது சாமான்களை ஏலம் போட்டார்கள். ஊரே திரண்டுபோய்க் கதிரை, அலுமாரி, காத்தாடி என்று ஏலம் கேட்டுக்கொண்டிருக்க, இவ ஒருவரும் திரும்பிப் பாராத அந்தப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாவாம். "கதிரைக்கு நாலு கால்தான் மிஸ், இதுக்கு எத்தினை கால்?" என்று ஒருநாள் பியோன் பகிடி பண்ணினான். "கதிரை எண்டதே போர்த்துக்கேயன் விட்டிட்டுப் போன சொல்லு, தெரியுமோ?" என்று அவ திருப்பிக் கேட்டா. அன்றைக்கு முழுக்க அவன் தன் கதிரையைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

மெசின் சத்தம் ஓடிக்கொண்டிருக்கும்வரை நாங்கள் எங்கள் பாட்டில் இருப்போம். சத்தம் நின்றால் எல்லோரும் நிமிர்ந்து பார்ப்போம். ஏதோ ஒரு சொல் அகப்பட்டுவிட்டது என்று அர்த்தம்.

ஒருமுறை மரக்கறி கொடுக்கிற முதலாளி ஒருவர் கப்பலுக்கு அழுகிய கிழங்கை அனுப்பிவிட்டார். மனேஜர் அவருக்குக் காரசாரமாகக் கடிதம் சொன்னார். முடிவில் அந்தக் காலத்து வழக்கப்படி, தங்கள் கீழ்ப்படிவுள்ள ஊழியன் என்று வரும் ஆங்கில வரியையும் சொன்னார். மெசின் நின்றது.

"சேர், நீங்கள் இவருக்கு வேலைக்காரரோ?"

"அது வழக்கம் மிஸ். எல்லாரும் அப்பிடித்தான் எழுதுறது."

"அழுகின கிழங்கு தந்தவருக்கு நான் அடங்கின வேலைக்காரன் எண்டு நீங்கள் எழுதினால், அவர் மேலே இருக்கிறதை எல்லாம் ஏன் நம்பப்போறார்?"

மனேஜர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு அந்த வரியை வெட்டச் சொன்னார். அடுத்த முறை கிழங்கு நல்லதாக வந்தது. வரியை வெட்டியதால்தான் வந்ததா என்று எனக்குத் தெரியாது. பியோன் அப்படித்தான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான்.

படகு கட்டுகிற ஜெட்டிக்கு என்ன கருத்து என்றும் ஒருநாள் எங்களுக்குச் சொன்னா. பிரெஞ்சு மொழியில் எறிவது என்ற சொல்லிலிருந்து வந்ததாம். கடலுக்குள் கல்லை எறிந்து எறிந்து கட்டியபடியால் எறிந்தது என்று பேர். அதற்குப் பிறகு பியோன் கடிதப் பையைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிடும்போதெல்லாம், "நான் எறிஞ்சதடிக்குப் போட்டு வாறன் மிஸ்" என்றுதான் சொல்லுவான்.

எல்லாம் சிரிப்பு என்று நினைக்கவேண்டாம். ஒருநாள் சாமான் இறக்கும்போது கயிறு அறுந்து, ஒரு தொழிலாளியின் காலில் பெட்டி விழுந்துவிட்டது. தொடை முறிவு. மனேஜர் கொழும்புக்கு அறிக்கை சொன்னார். தொழிலாளியின் கவனயீனத்தால் விபத்து நடந்தது என்று ஒரு வசனம். மெசின் நின்றது.

"ஆருடைய கவனயீனம் சேர்? கயிறு நைஞ்சு போச்செண்டு அந்த மனுசன் மூண்டு நாளைக்கு முதலே இந்த வாசல்லே வந்து நிண்டு சொன்னவர். நான் கேட்டனான். கிளாக்கரும் கேட்டவர்."

மனேஜரின் முகம் சிவந்தது. என் பக்கம் திரும்பினார். எனக்குக் கலியாணமாகி ஆறு மாதம். வேலை போனால் என்ன செய்வது என்று பயந்தேன். அவ என்னைப் பார்க்கவேயில்லை, மெசினில் இருந்த தாளைப் பார்த்துக்கொண்டிருந்தா. அப்படிப் பாராமல் இருந்ததுதான் என்னைப் பேச வைத்தது.

"ஓம் சேர். சொன்னவர்தான்" என்றேன்.

கடைசியில் மனேஜர், "பழைய கயிறு அறுந்ததால் எண்டு அடியும்" என்றார். காலில் கட்டுப் போட்டிருந்த அந்த மனுசன் நாலு மாதத்துக்குப் பிறகு வேலைக்குத் திரும்பினார். அறிக்கையில் ஒரு சொல் மாறியது அவருக்குத் தெரியாது. அவ சொல்லவுமில்லை.

இப்படி ஆயிரம் சொல்லில் அவ மெசினை நிறுத்தியிருக்கிறா. ஆனால் அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் கடல் தாண்டிப் போகவேண்டி வந்தது.

எங்கள் கந்தோருக்கும் கப்பல்களுக்கும் நடுவே ஓடியது உமர் காக்காவின் லோஞ்சு, எஞ்சின் பூட்டிய படகு. அதுவும் வெள்ளைக்காரரிடம் வாங்கியதுதான். வெள்ளை உடம்பு, நீலக் கோடு. முன்பக்கம் இரண்டு பக்கத்திலும் பித்தளையில் வார்த்த ஆங்கில எழுத்துகளை ஆணி முடுக்கிப் பொருத்தியிருந்தது. பியர்லெஸ். விற்ற துரை, இதைப்போல இன்னொன்று இல்லை என்று தோளில் தட்டிச் சொன்னாராம். கந்தோரில் அந்தப் பேருக்குப் பொருள் ஒருவரும் கேட்கவில்லை. அது துரையின் பெண்சாதி பேராக இருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். மிஸ்ஸும் பேர் என்று விட்டுவிட்டா போலும். பேருக்குப் பொருள் பார்ப்பது அவவுக்கு வழக்கமில்லை. உமர் காக்கா வெள்ளிக்கிழமைகளில் தேசிக்காய் போட்டு அந்த எழுத்துகளை மினுக்கிவிட்டுத்தான் பள்ளிவாசலுக்குப் போவார். கப்பல் இல்லாத நாட்களில் மூதூருக்கு ஆட்களை ஏற்றுவார். அதற்காக ஜெட்டியடியில், தமிழில் "பியர்லெஸ் லோஞ்சு" என்று பெரிதாக எழுதிய ஒரு பலகையும் கட்டியிருந்தார்.

ஒருநாள் காலை, வெளித்துறைமுகத்தில் கப்பல் ஒன்று வந்து நிற்கிறது. லோஞ்சு புறப்படவில்லை. மனேஜர் மணிக்கூட்டைப் பார்த்தபடி விறாந்தையில் நடக்கிறார். உமர் காக்கா தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு மெல்ல ஏறி வந்தார்.

"சேர், லோஞ்சு ஓடாது."

"ஏன்? எஞ்சின் பழுதோ?"

"எஞ்சின் நல்லம். பேர்தான் பழுது."

பிறகு கதிரையில் இருந்து கதையைச் சொன்னார். அவருடைய மூத்த மகள் ஜெசீமாவுக்கு மூதூரில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தது. பொடியன் கூட்டுறவுச் சங்கக்கடையில் மனேஜர். நல்ல பிள்ளை. பொடியனின் வாப்பா, நாற்பது வருடம் பாய்க்கப்பலுக்குத் தலைவராக இருந்த மனுசன். ஊரில் தண்டயல் என்றுதான் பேர். அந்தத் தண்டயல் போன கிழமை பட்டினத்துக்கு வந்திருக்கிறார். வீதியில் ஒரு சாராயக் கடை. அதன் வாசலில் "பியர்" என்று ஒரு பலகை. பத்து எட்டு நடந்து ஜெட்டியடிக்கு வந்தால், அதே ஓவியன், அதே சிவப்பு மையில் எழுதின "பியர்லெஸ் லோஞ்சு". தண்டயல் அந்த லோஞ்சில் ஏறாமல், பஸ் பிடித்து, மிதவைப் பாதைகளில் ஆறுகளைக் கடந்து, சுற்றி ஊர் போய்ச் சேர்ந்து, ஆள் அனுப்பியிருக்கிறார்.

"நம்மட ஆக்களுக்குள்ளே மாப்பிள்ளை பொண்ணுட வீட்டிலதானே குடியிருக்கிற. பியருட பேரிலே ஓடி உழைச்ச காசிலே கட்டின வீட்டிலே என்ட மகன் கால் வைக்க மாட்டான் எண்டு சொல்லி அனுப்பிட்டார் சேர். ஜெசீமா மூணு நாளாச் சோறு தின்னல்ல. ஒண்டும் சொல்ல மாட்டாள். சும்மா கிணத்தடியிலே போய் நிக்கிறாள்."

"இதுக்குப்போய் ஏன் காணும் அழுகிறீர்? பேரை மாத்தினால் போச்சு. மிஸ், ஒரு விண்ணப்பம் அடியும்."

"மாத்தினாலும், இவ்வளவு காலமும் ஓடினது ஓடினதுதானே எண்டு கேக்கிறார் சேர்."

பியோன் நடுவில் புகுந்தான். "பியர் எண்டா குடிக்கிறதில்லை காக்கா. இறங்குதுறையைத்தான் வெள்ளைக்காரன் பியர் எண்டு சொல்லுவான். பியர்லெஸ் எண்டா கட்ட இடமில்லாத லோஞ்சு."

"அது நல்லமோ?" என்று உமர் காக்கா பரிதாபமாகக் கேட்டார்.

மிஸ் அகராதியைப் புரட்டிக்கொண்டிருந்தா. அகராதியின் சீலை அவிழ்ந்து மேசையில் கிடந்தது.

"மூண்டும் வேறை வேறை சொல்லு" என்றா. "தமிழிலே எழுதினால்தான் மூண்டும் ஒண்டாய்ப் போகுது. குடிக்கிறதுக்கு முதல் எழுத்தே வேறை. இறங்குதுறைக்கு நடுவிலே வேறை எழுத்து. உங்கட லோஞ்சிலே இருக்கிற பியர், லத்தீனிலே சமம் எண்ட சொல்லிலேயிருந்து பிரெஞ்சுக்குப் போய், அங்கேயிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. ஒருத்தருக்குச் சமமான ஆள். ஒரே தரத்திலே நிக்கிற கூட்டாளி. பிறகு அங்கேயுள்ள பிரபுக்கள், நாங்கள் எல்லாரும் ஒருவருக்கொருவர் சமம் எண்டு சொல்லி அந்தச் சொல்லைத் தங்களுக்கு எடுத்துக்கொண்டினம். லெஸ் எண்டால் இல்லாத. சமமான ஆள் இல்லாத. இணையில்லாத, நிகரில்லாத."

உமர் காக்காவின் முகம் மலர்ந்தது. எழும்பி நின்றுவிட்டார். "அல்ஹம்துலில்லாஹ்! நிகரில்லாத லோஞ்சு! இதைத்தானே அந்தத் துரை..." என்று தொடங்கினவர் அப்படியே நின்றார். மலர்ந்த முகம் மெல்ல மெல்ல வாடியது.

"மிஸ், நிகரில்லாதவன் எண்டா அது அல்லாஹ் ஒருத்தன்தானே. அதைப்போய் லோஞ்சுக்கு வைக்கலாமா? இது பியரைவிடப் பெரிய பிழையெல்லோ."

மனேஜர் தலையில் கையை வைத்தார். "மிஸ், இவ்வளவு பெரிய புத்தகத்திலே வேறை கருத்து ஒண்டும் இல்லையோ?"

"இல்லை சேர்."

"ஒரு சின்னக் கருத்து?"

"இல்லை சேர். இருக்கிறதைத்தான் சொல்லலாம்." அகராதியை மூடினா. "காக்கா, தண்டயலிட்டை நான் வந்து சொல்லுறன். கேட்டிட்டு அவர் முடிவெடுக்கட்டும்."

அதுவரை அவ அந்த லோஞ்சில் கால் வைத்ததில்லை. கடலுக்குப் பத்து யார் தூரத்தில் இருந்து வேலை செய்த அவவுக்குக் கடல் என்றால் பயம் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கப்பலுக்குப் போகவேண்டிய கடிதப் பையைப் பக்கத்துக் கொம்பனியின் படகில் அனுப்பிவிட்டு, "கிளாக்கர், நீரும் கூடப் போம்" என்றார் மனேஜர். இந்தப் பயணத்துக்கு மட்டும் உமர் காக்கா லோஞ்சை எடுத்தார். கொட்டியாரக் குடாவைக் கடந்து மூதூர் சேரும்வரை அவ கம்பியைப் பிடிக்கவில்லை. இரண்டு கையாலும் அகராதியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடியபடி இருந்தா. அலை அடித்து உடுத்த சீலை நனைந்தபோதும் புத்தகத்தைத்தான் மேலே தூக்கினா.

தண்டயலின் வீடு மூதூர் இறங்குதுறைக்குக் கிட்ட. வெள்ளைத் தாடி, வெள்ளைத் தொப்பி. எங்களைக் கதிரை போட்டு இருத்தினார். உள்ளே திரைச்சீலைக்குப் பின்னால் பெண்கள் நின்று கேட்பது அசைவில் தெரிந்தது. தேத்தண்ணி வந்தது. மிஸ் அதைக் குடித்து முடித்துவிட்டு, மூன்று பியருக்கும் உள்ள வித்தியாசத்தை நிதானமாகச் சொன்னா. தண்டயல் கண்ணை மூடிக் கேட்டார்.

"மகள், நீங்க பொய் சொல்ற ஆள் இல்லையே?"

அதற்கு நான் பதில் சொன்னேன். "ஐயா, இவ பொய் சொல்லுற ஆள் எண்டால் எங்கட கந்தோர் எப்பவோ முன்னுக்கு வந்திருக்கும்."

திரைச்சீலைக்குப் பின்னால் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. தண்டயலும் தாடிக்குள் சிரித்தார். "அப்ப அந்தக் காசிலே குற்றமில்லை" என்றார். உமர் காக்கா பெருமூச்சு விட்டு என் கையைப் பிடித்தார். அதோடு எழும்பியிருந்தால் காரியம் முடிந்திருக்கும்.

"சரி மகள், உங்கட பியர்லெஸ்ஸுக்குக் கடைசியா என்ன கருத்து எண்டீங்க?"

உமர் காக்கா கெஞ்சுவதுபோல அவவைப் பார்த்தார். நான் செருமினேன்.

"நிகரில்லாதது" என்றா அவ.

தண்டயல் தாடியைத் தடவினார். "நிகரில்லாதவன் ஒருத்தன்தான் மகள்."

"ஓம் ஐயா. எங்கட கோயில்களிலேயும் அந்தச் சொல்லை ஆண்டவனுக்குத்தான் சொல்லுறது. லோஞ்சுக்குப் பொருந்தாது. நீங்கள் சொல்லுறது சரி."

எங்களுக்காகப் பேச வந்தவ அவர் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டா. உமர் காக்கா தலையைக் குனிந்துகொண்டார்.

தண்டயல் எழும்பினார். "தெரியாம ஓடினதுக்கு மன்னிப்பு இருக்கு. தெரிஞ்ச பிறகு ஓடக்கூடாது. உமர், வா. இப்பவே கழட்டு. நானும் வந்து பாக்கிறன்."

"தண்டயல் காக்கா, பேரில்லாத லோஞ்சைத் துறைமுகத்துக்குள்ளே விடமாட்டாங்க. புதுப் பேர் பதிய மாசக்கணக்கா இழுப்பாங்க. கப்பல் வேலை கையை விட்டுப் போயிடும். வேலை போனா நான் எதைக் கொண்டு கலியாணம் செய்ற?" என்று உமர் காக்கா கேட்டார்.

"அல்லாஹ் வழி விடுவான். முதல்ல அந்தப் பேர் போகட்டும்."

இறங்குதுறையில் ஆட்கள் கூடிவிட்டார்கள். மாப்பிள்ளைப் பொடியனும் சங்கக்கடையைப் பூட்டிவிட்டு ஓடிவந்து வாப்பாவுக்குப் பின்னால் நின்றான். முகத்தில் இரத்தம் இல்லை. உமர் காக்கா லோஞ்சின் ஓரத்தில் குந்தி, பின்னால் இருந்த எழுத்திலிருந்து தொடங்கினார். ஆணி துருப்பிடித்து இறுகியிருந்தது. கடைசி எழுத்து கழன்றது. துடைத்து என் கையில் தந்தார். பிறகு அதற்கு முன்னால் இருந்தது. பிறகு மற்றது. ஒவ்வொன்றையும் பிள்ளையின் நகையைக் கழற்றுகிறவர்போலப் பதமாகக் கழற்றினார். நாலாவது எழுத்தும் என் கைக்கு வந்தது. நாலு இடத்திலும் வெயில் படாத புது வெள்ளை தெரிந்தது. ஐந்தாவதில் ஆணியைத் திருகப் போனார்.

"நில்லு!" என்றார் தண்டயல்.

எல்லோரும் திரும்பினோம். அவர் முழங்காலை மடித்துக் கிட்டக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஆங்கிலம் ஒரு எழுத்தும் வாசிக்கத் தெரியாது. விரலை மட்டும் நீட்டினார்.

"ஒரு தடியிலே வளைவு. அதுக்குப் பக்கத்திலே ரெண்டு சீப்பு. கடைசியிலே கால் நீட்டின வளைவு. இதை நான் நாப்பது வருசமாப் பாக்கிறன். கப்பல் லைசன் கடுதாசியிலே என்ட பேருக்கு முன்னால இருக்கிற நாலு எழுத்து இதுதான். இது என்ட வாப்பாட பேரெல்லோ!"

பொடியன் பாய்ந்து முன்னுக்கு வந்தான். "ஓம் வாப்பா! பீர்! பீர் முகம்மது! மூத்தாப்பாட பேர் வாப்பா!"

அவனுக்கு ஆங்கிலம் தெரியும். அந்த நாலு எழுத்தையும் உரக்க ஒவ்வொன்றாகச் சொன்னான். கூட்டத்தில் ஒரே ஆரவாரம். உமர் காக்கா இரண்டு கையையும் வானத்துக்கு ஏந்தினார். அந்த நேரம் பார்த்து மிஸ் வாயைத் திறந்தா. எனக்கு விளங்கிவிட்டது.

"மிஸ், வேண்டாம்" என்றேன் மெதுவாக.

"ஐயா" என்று அவ தொடங்கினா. "எழுத்து அதேதான். ஆனால் இது அந்தச் சொல்லு இல்லை. இதிலே இப்ப மிஞ்சி நிக்கிறது சமமானவன் எண்ட பியர். உங்கட வாப்பாட பேர் வேறை."

ஆரவாரம் நின்றது. பொடியன் அவவைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

தண்டயல் எழும்பி நின்றார். கோபப்படவில்லை. "மகள், உங்கட சொல்லுக்கும் என்ட வாப்பாட பேருக்கும் எழுத்து ஒண்டுதானே?"

"ஓம்."

"வாசிக்கிறவன் எப்படி வாசிக்கிறான் எண்டு அந்தப் பித்தளைக்குத் தெரியுமா?"

"தெரியாது ஐயா."

"அப்ப நீங்க அப்பிடி வாசியுங்க. நான் இப்பிடி வாசிக்கிறன். ரெண்டிலேயும் குத்தமில்லையே?"

அவ குனிந்து பித்தளை எழுத்துகளைப் பார்த்தா. உண்மையாகவே யோசித்தா. அத்தனை பேரும் காத்துக்கொண்டு நின்றோம். கடைசியில், "இல்லை ஐயா. அது பிழையில்லை" என்றா. பிறகு, "பீர் எண்டால் என்ன கருத்து?" என்று கேட்டா.

"பெரியவர், மகள். வழி காட்டுற பெரியவர். பாரசீகம் எண்டு எங்கட பள்ளிவாசல் லெப்பை சொல்லுவார்."

"எனக்கு இது தெரியாது" என்று சொல்லி அவ சிரித்தா. தனக்கு ஒரு சொல் தெரியாது என்று அவ்வளவு சந்தோசமாகச் சொன்ன ஒரு ஆளை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

மற்றப் பக்கத்திலும் பின் நாலு எழுத்தைப் பொடியனே கழற்றினான். ஜெட்டியடித் தமிழ்ப் பலகையை உமர் காக்கா அன்றைக்கே அவிழ்த்துவிட்டார். அடுத்த நாள் துறைமுகக் கந்தோருக்கு மிஸ் ஒரு கடிதம் அடித்தா. பேரை மாற்றக் கேட்கவில்லை, பேரின் கடைசி நாலு எழுத்தைக் குறைக்க மட்டும் கேட்டா. மாற்றுவதற்கு ஆயிரம் விதி இருந்தது. குறைப்பதற்கு என்ன விதி என்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. அங்கே இருந்தவர் சிரித்துவிட்டுச் சிவப்பு மையால் நாலு எழுத்திலும் ஒரு கோடு கீறிக் கொடுத்தார். குறித்த நாளில் மாப்பிள்ளை அந்த லோஞ்சிலேயே வந்து இறங்கினார். எங்கள் கந்தோர் முழுக்கப் போய் நெய்ச்சோறு சாப்பிட்டோம். மிஸ்ஸைப் பெண்கள் உள்ளே கூட்டிக்கொண்டு போய், தங்கள் தங்கள் பேருக்கெல்லாம் கருத்துக் கேட்டு விடவேயில்லை. தெரியாது, தெரியாது என்று சொல்லியே களைத்துப்போனா. ஜெசீமா ஒருமுறை நிமிர்ந்து அவவைப் பார்த்துச் சிரித்தாளாம்.

ஆனாலும் அவவை நினைக்கும்போது எனக்கு முதலில் வருவது மூதூரிலிருந்து திரும்பிய அந்தப் பின்னேரம்தான். குடாவின் நடுவில் காற்று எழும்பி லோஞ்சு ஆடத் தொடங்கியது. உமர் காக்கா ஏதோ பைத்துப் பாடியபடி சுக்கானைப் பிடித்திருந்தார். கண்ணை மூடிக்கொண்டு இருப்பா என்று திரும்பிப் பார்த்தேன். இல்லை. அகராதியை மடியில் விரித்து வைத்திருந்தா. தாள்கள் படபடத்தன. "கிளாக்கர், இந்தப் பக்கத்தைக் கொஞ்சம் பிடியுங்கோ" என்றா. பிடித்தேன். அந்தப் புத்தகத்தில் அதுவரை ஒரு கோடுகூட அவ கீறியதில்லை. கைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து, லோஞ்சு ஆடுவதற்குத் தக்கபடி தானும் ஆடி ஆடி, ஓரத்து வெற்றிடத்தில் தமிழில் எழுதினா. எட்டிப் பார்த்தேன்.

"பீர்: பெரியவர். மூதூர்த் தண்டயலின் தகப்பனார்."